ஓட்டைகளால் எழுந்த சுவர்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் யாரேனும் உரிமை கொண்டாட வந்துவிடக்கூடும் என்பதனால் பெயர் சொல்லாமலே விடப்பட்ட ஒரு நாட்டில், மகுடவர்த்தனன் என்றோர் அரசன் இருந்தான். நல்ல அரசன்தான். ஏரிகளைத் தூர் வாரினான். வழக்குகளைப் பொறுமையோடு கேட்டான். படையெடுத்து வந்தவர்களையும் பாதி வழியிலேயே பேசி, வயிறாரச் சோறிட்டுத் திருப்பி அனுப்பினான். அவனிடத்தில் இருந்த குறை ஒன்றே ஒன்று. அவன் பாடுவான்.

மாலையில் விளக்கு வைத்தபின் அவை கூடும். அரசன் தொண்டையைக் கனைத்துக்கொள்வான். யாழ் ஒரு வழி போகும். அரசனுடைய குரல் வேறொரு வழி போகும். இரண்டும் எங்கேனும் சந்திக்கும் என்று காத்திருந்தவர்களுக்குப் பாட்டு முடியும்வரை அந்தப் பேறு கிட்டுவதில்லை. ஆயினும் அவையோர் தலையை ஆட்டி "ஆகா!" என்பார்கள். பிரதானி மாதவராயர் இன்னும் ஒரு படி மேலே போய், மேலாடையின் நுனியால் கண்ணைத் தொட்டுக்கொண்டு, உண்மையாகவே கண்ணீர் வடிப்பார். அதைக் காணும்போதெல்லாம் அரசன் மேலும் ஒரு பாட்டுப் பாடுவான்.

அந்த அவையில் விகடனாக இருந்தவன் கூத்தபிரான். பாட்டு நேரத்தில் தூண் மறைவில் உட்கார்ந்து, "ஆகா" என்பதற்குப் பதிலாக ஒரு கொட்டாவியை விழுங்கிவிட்டு, வீடு போய்ச் சேருவது அவன் வழக்கம். ஒருநாள் மாலை அரசன் பாடி முடித்து, நேரே அந்தத் தூணைப் பார்த்தான்.

"விகடா! எல்லாரும் ஆகா என்கிறார்கள். நீ மட்டும் ஒன்றும் சொல்வதில்லையே. என் பாட்டு எப்படி இருக்கிறது?"

கூத்தபிரானுடைய நாக்கு எப்போதும் அவனைக் கேட்டுக்கொண்டு புறப்படுவதில்லை. "அரசே, அந்தக் கேள்வியைத் தாங்கள் இல்லாத இடத்தில் அல்லவா கேட்க வேண்டும்?" என்றான்.

"நான் இல்லாத இடத்தில் கேட்டால், விடை எனக்கு எப்படித் தெரியும்?"

"உலகத்து அரசர்கள் எல்லாருக்கும் உள்ள தொல்லை அதுதான், அரசே."

அவை திடுக்கிட்டது. அரசன் சினம் கொள்ளவில்லை; அதைவிட ஆபத்தான காரியம் ஒன்றைச் செய்தான். யோசித்தான். பிறகு சொன்னான்: "நான் இந்த அவையில் இருக்கவும் வேண்டும், இல்லாமல் இருக்கவும் வேண்டும். எனக்கு ஒரு சுவர் எழுப்பிக் கொடு. சுவருக்குப் பின்னாலிருந்து நான் எல்லாரையும் பார்க்க வேண்டும். முன்னாலிருந்து ஒருவரும் என்னைப் பார்க்கக் கூடாது."

மாதவராயருக்கு நெடுநாளாகவே கூத்தபிரானைக் கண்டால் ஆகாது. இந்தச் சந்தர்ப்பத்தை அவர் விடுவாரா? எழுந்து கைகூப்பினார்.

"அரசே! சிறு துளையிட்டு ஒற்றைக் கண்ணால் பார்ப்பது கள்வர்களுக்கு ஏற்றது, தங்களுக்கு அடுக்குமோ? ஆகையால் அந்தச் சுவரில் சுவரைவிட ஓட்டையே அதிகமாக இருக்கட்டும். கல்லும் செங்கல்லும் மரமும் மண்ணும் தங்கள் மூச்சை அடைக்கும், அவையும் வேண்டா. நம் விகடர் வல்லவர். வரும் அமாவாசை மாலைக்குள் முடித்துவிடுவார்."

"முடிக்காவிட்டால்?" என்று அரசன் கேட்டான்.

"அரசரைத் தொல்லையுடையவர் என்று அவையில் சொன்ன வாய், வேறு நாட்டு அவையில் போய்ப் பேசிக்கொள்ளட்டும். குடும்பத்தோடு."

அரசன் கூத்தபிரானைப் பார்த்தான். மறுப்பான் என்று எதிர்பார்த்தானோ என்னவோ. கூத்தபிரானோ தலை வணங்கி, "கட்டளை" என்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான், சுவரை எதனால் எழுப்புவது என்று யோசிக்கத் தொடங்கினான்.

மறுநாள் உச்சிவெயிலில், கொத்தர் தெரு முழுவதும் அலைந்து, "ஓட்டையே அதிகமுள்ள சுவரா? அது எங்கள் தொழில் கெட்டுப்போனால் தானே வருவது" என்று கொத்தர்கள் சிரித்ததையும் கேட்டுக்கொண்டு, அவன் வீடு திரும்பினான். அவன் மனைவி செண்பகவடிவு நெசவுக் குடியில் பிறந்தவள். சல்லாத்துணி நெய்வதில் அவளுக்கு இணை அந்த நகரத்தில் இல்லை. கண்ணுக்குக் கண் இடம்விட்டு, வலைபோல் நெய்யும் மெல்லிய துணி அது. நெய் வடிகட்டவும், தூளியைக் கொசு அண்டாமல் மூடவும் ஊரார் வாங்கிப் போவார்கள். தெருப்பக்கத்து அறையில் தரையில் குழி தோண்டி, அந்தக் குழிக்குள் காலை இறக்கி மிதிக்கும்படி அவளுடைய தறி அமைந்திருந்தது. ஈ வராதபடி அந்த அறையின் பெரிய சன்னலிலும் வெள்ளைச் சல்லாவே தொங்கும்.

கூத்தபிரான் தெருவில் நின்றபடியே சன்னலைப் பார்த்தான். வெயில் பட்டு வெள்ளைவெளேரென்று இருந்த துணியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

"செண்பகவடிவே, உள்ளே இருக்கிறாயா?"

"இருக்கிறேன். தலைப்பாகை அவிழ்ந்து முதுகில் வால்போலத் தொங்குகிறது. அதை முதலில் கட்டும். இடக்கையில் என்ன, கொத்தர் கரண்டியா? யாரிடமிருந்து எடுத்து வந்தீர்?"

அவன் கையைப் பார்த்துக்கொண்டான். ஆம், மறந்தாற்போல் ஒரு கரண்டியைத் தூக்கி வந்திருந்தான். "நீ என்னைப் பார்க்கிறாயா?"

"நீர் தெருமுனை திரும்பியதிலிருந்து பார்க்கிறேன். எதிர்வீட்டு ஆட்டுக்குட்டிக்கு வழிவிட்டு ஒதுங்கினீரே, அதையும் பார்த்தேன்."

கூத்தபிரான் மீண்டும் சன்னலை உற்றுப் பார்த்தான். துணிதான் தெரிந்தது. ஓடி உள்ளே நுழைந்தான். அறை இருட்டாக இருந்தது. அங்கிருந்து திரும்பிப் பார்த்தால், துணி என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. தெருவும் வெயிலும் ஆட்டுக்குட்டியும் கண்முன் தெளிவாக நின்றன. வெளியே ஓடினான், வெள்ளைச் சுவர். உள்ளே ஓடினான், திறந்த வெளி.

"வெயில் தலைக்கேறிவிட்டதா?" என்றாள் செண்பகவடிவு.

அவன் நடந்ததையெல்லாம் சொன்னான். அவள் தறியை நிறுத்திவிட்டுக் கேட்டாள். குடும்பத்தோடு நாடு கடத்துவது என்ற இடம் வந்ததும் அவள் முகம் மாறிற்று.

"உமக்கென்ன, நாக்கு வாயோடு வரும். எந்த அவையிலும் விரித்துக்கொள்வீர். என் தறிக்குழியை எந்தப் பெட்டியில் கட்டி எடுத்துப் போவது? என் தாய் கால் வைத்து மிதித்த குழி இது."

கூத்தபிரான் சன்னலண்டை போனான். சன்னல் துணியின் கண் ஒன்றில் விரலை நுழைத்து, "இதை யாராவது இழுத்துப் பெரிதாக்கிவிட்டால் என்ன செய்வது?" என்று மெல்லக் கேட்டான்.

"விரலை எடும். பெரிதாகாது. நூலை ஆங்காங்கே விட்டு நெய்கிற துணியென்றால் தொட்டவுடன் ஒதுங்கிக்கொள்ளும். இது சல்லா. நெடுக்கே ஓடும் பக்கத்துப் பக்கத்துப் பாவு நூல் இரண்டும் ஒன்றையொன்று சுற்றிக்கொள்ளும்; அந்தச் சுற்றுக்குள்ளே குறுக்கு நூல் அகப்பட்டுக்கொள்ளும். திருவிழாக் கூட்டத்தில் புருஷனும் பெண்சாதியும் கைகோத்துக்கொண்டு போவதில்லையா? எவன் இடித்தாலும் பிரியாது." சொல்லிவிட்டுக் குழிக்குள் காலை இறக்கிக்கொண்டாள். "எத்தனை அகலம் வேண்டும் உம்முடைய சுவருக்கு? சொல்லும். தறி அகலம் ஒரு பாய் அளவுதான். துண்டு துண்டாக நெய்து ஓரம் சேர்த்துத் தைக்க வேண்டும்."

அமாவாசை வந்தது. அவைக்களத்தின் மேற்குக் கோடியில், அரசன் வந்து போகும் சிறு மண்டபத்தின் வாயிலை மறைத்து, உத்தரத்திலிருந்து தரைவரை கஞ்சி போட்ட வெள்ளைச் சல்லா தொங்கிற்று. அதன் பின்னால் மண்டபத்துச் சுவர்களிலெல்லாம் கூத்தபிரான் கறுப்புக் கம்பளியைத் தொங்கவிட்டிருந்தான். பொழுது சாயும் முன்னரே பின்வழியாக அரசனை அழைத்து வந்தான்.

"கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள், அரசே. கல் மின்னும். இந்தக் கம்பளியைப் போர்த்திக்கொள்ளுங்கள். இதோ, கவிழ்த்த இந்தக் குடத்துக்குள் ஒரு விளக்கு எரிகிறது; அது மூச்சுவிடப் பின்பக்கம் துளை இட்டிருக்கிறேன். நான் கேட்டுக்கொள்ளும்வரை குடத்தை எடுக்க வேண்டா."

"இந்தப் பலகைமேலா நான் உட்காருவது?"

"சிங்காதனத்தில் பொன் இருக்கிறது, அரசே. அதுவும் மின்னும்." சற்றுத் தயங்கி, கூத்தபிரான் தாழ்ந்த குரலில் சொன்னான்: "ஒரு விண்ணப்பம். சுவர் வேலை செய்தால் தங்கள் காதில் என்னென்ன விழும் என்று எனக்குத் தெரியாது. விழுந்த பின், தாங்கள் இல்லாதவராகவே இருக்க வேண்டும்."

அரசன் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டான். கூத்தபிரான் அவைக்கு வந்தான். இனி அவன் நாடும் செண்பகவடிவின் தறிக்குழியும் அந்தத் துணியில் தொங்கின.

அவையோர் கூடினார்கள். மாதவராயர் துணியைக் கண்டதும் சிரித்துவிட்டார்.

"ஓய் விகடரே! இதுவா சுவர்? எங்கள் வீட்டுத் தொட்டிலில் இதைவிடப் பெரிய சுவர் இருக்கிறதே!"

"தாங்கள் கேட்டபடிதான், பிரதானியாரே. கல் இல்லை, செங்கல் இல்லை, மரம் இல்லை, மண் இல்லை. சுவரைவிட ஓட்டை அதிகம். ஐயமிருந்தால் தடவிப் பாரும்."

மாதவராயர் அருகில் போய், கட்டைவிரல் நகத்தால் ஒரு கண்ணைக் கிழித்து அகலமாக்கப் பார்த்தார். நூல் வளைந்தது, விரலை எடுத்ததும் பழைய இடத்துக்கே வந்து நின்றது. கைத்தடியின் முனையால் குத்தினார். அப்போதும் அப்படியே. கூத்தபிரான் வாய்க்குள் தன் மனைவியை வாழ்த்திக்கொண்டான்.

"அரசர் வந்து அமர்ந்துவிட்டார். நான் பொய் சொல்லவில்லை, பின்னால்தான் இருக்கிறார். யாருக்கேனும் தெரிகிறாரா?" என்று அவையைக் கேட்டான்.

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. சேனாதிபதி காளிங்கராயர் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். இரு கண்களையும் சுருக்கிப் பார்த்தார்.

"இருட்டு. அதனால்தான் தெரியவில்லை" என்றார் மாதவராயர். "ஏய், யார் அங்கே? விளக்குகளைக் கொண்டுவாருங்கள்! இந்தத் துணிக்கு நேரே வையுங்கள். வெளிச்சம் வந்தால் சல்லாவுக்குள் எறும்பு ஊர்ந்தாலும் தெரியும்."

பாவை விளக்கு வந்தது. அடுக்கு விளக்கு வந்தது. தீவட்டிகள் வந்தன. ஒவ்வொரு விளக்கும் வர வர, துணி பளபளவென்று வெளுத்தது. ஒளி பட்ட நூல்களெல்லாம் கண்ணைப் பறித்தன. ஓட்டைகள் இருந்த இடமே தெரியவில்லை. உச்சிவெயிலில் சன்னலுக்கு முன் நின்ற கூத்தபிரான் பார்த்ததைத்தான் இப்போது அவை முழுவதும் பார்த்தது. சுண்ணாம்பு அடித்த சுவர் ஒன்று எதிரே நின்றது.

"இன்னும் கொண்டுவாருங்கள்!" என்றார் மாதவராயர். அடுக்களை விளக்கும் வந்தது. சுவர் இன்னும் கெட்டிப்பட்டது.

"பிரதானியாரே, சுவர் எழுந்துவிட்டது என்று ஒப்புக்கொள்கிறீரா?" என்று கூத்தபிரான் கேட்டான்.

கேட்ட வாய் மூடுமுன் மாதவராயருடைய முகம் கறுத்தது. ஒப்புக்கொண்டால் விகடன் வென்றான் என்று ஆகும். அது மட்டும் அவரால் முடியாது. ஆகவே, அறிவுள்ள ஒருவர் பொறாமை வந்தபோது செய்யக்கூடிய காரியத்தைச் செய்தார். காரணம் கண்டுபிடித்தார்.

"எதற்கு ஒப்புக்கொள்ள வேண்டும்? இத்தனை விளக்கு வைத்தும், இத்தனை ஓட்டை இருந்தும், ஒருவரும் தெரியவில்லை என்றால் பொருள் என்ன? உள்ளே ஒருவரும் இல்லை என்பதே பொருள்! அரசர் எங்கோ வேட்டைக்குப் போயிருப்பார். இவர் வெறும் மண்டபத்துக்குத் திரை கட்டி நம்மை ஏய்க்கிறார்."

"உள்ளே இருக்கிறார், பிரதானியாரே. மறுபடியும் சொல்கிறேன்."

"இல்லை என்பதை நான் மெய்ப்பித்தால்?" மாதவராயர் துணிக்கு நேரே நின்று, மார்பை நிமிர்த்திக்கொண்டார். "அவையோரே, கேளுங்கள். அரசர் இந்தப் பக்கத்தில் இருந்தால் நான் இதைச் சொல்வேனா? அரசர் பாடத் தொடங்கினால் லாயத்தில் குதிரைகள் கயிற்றை அறுக்கின்றன! அந்தப் பாட்டைக் கேட்டு நான் அழுகிறேன் என்றா நினைத்தீர்கள்? என் மேலாடை நுனியைத் தினமும் வெங்காயச் சாற்றில் நனைத்து வருகிறேன். என் வீட்டில் குழம்புக்கு வெங்காயம் மிஞ்சுவதில்லை! பாருங்கள், சொல்லிவிட்டேன். இடி விழுந்ததா? அரசர் எழுந்து வந்தாரா? இல்லை! ஆகவே உள்ளே யாரும் இல்லை."

சுவருக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. கூத்தபிரான் துணியையே பார்த்தான். மன்னன் வாளை எடுக்கிறானோ, வாய் பேச முடியாமல் இருக்கிறானோ, யார் கண்டார்?

மெல்லச் சேனாதிபதி இருமினார். "நானும் சொல்லிவிடுகிறேன், மனசு லேசாகும். யானை மதம் பிடித்து ஓடிவந்தபோது நான் கண் இமைத்ததில்லை. அரசர் மேல் ஸ்தாயிக்குப் போகும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டு என் பிள்ளைகளை நினைத்துக்கொள்கிறேன்."

"எனக்குப் பல் கூசும்" என்றார் ஒருவர். "நான் காதில் மெழுகு வைத்திருக்கிறேன். என்ன சொன்னீர்கள்?" என்றார் மற்றொருவர். யாழ்க்காரர் இதுவரையில் பேசியதே இல்லை. அவர் யாழைக் கீழே வைத்துவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு, "ஒருநாளாவது, ஒரே ஒரு அடியாவது, என்னோடு வந்திருக்கலாமே" என்று விம்மினார். அவை முழுவதும் சிரித்தது. எத்தனையோ காலமாக அடைத்திருந்த மடை திறந்தாற்போல் ஆயிற்று.

"விகடர் தோற்றார்!" என்று மாதவராயர் கைதட்டினார். "நாளைக் காலையில் மூட்டை கட்டட்டும். எண்ணெய் எதற்கு வீண்? விளக்குகளை அணையுங்கள்!"

ஒவ்வொன்றாக விளக்கு அணைந்தது. தீவட்டிகள் வெளியே போயின. சுவர் மங்கிற்று, சாம்பல் நிறமாயிற்று. அவையில் ஒரே ஒரு திரி மினுக்கிக்கொண்டிருந்தபோது கூத்தபிரான் உரத்த குரலில் சொன்னான்:

"அரசே, குடத்தை எடுக்கலாம்."

குடம் எழுந்தது. அந்தக் கணத்தில் சுவர் இல்லாமற் போயிற்று. துணி என்பதே கண்ணில் படவில்லை. விளக்கின் பக்கத்தில், பலகைமேல், கம்பளி போர்த்து, மடியில் கிரீடத்தை வைத்துக்கொண்டு, மகுடவர்த்தனன் உட்கார்ந்திருந்தான். அவன் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. கன்னத்தில் நீர் வழிந்தது.

மாதவராயர் நின்ற இடத்திலேயே சரிந்து உட்கார்ந்தார். கூத்தபிரான் அரசன் முகத்தை உற்றுப் பார்த்தான். அழுகிறானா? கடுஞ்சினமா? அரசன் வாயைத் திறந்தான்.

"மாதவராயரே… வெங்காயமா?"

அவ்வளவுதான். அடக்கி வைத்திருந்த சிரிப்பு வெடித்தது. அரசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கிரீடம் மடியிலிருந்து உருண்டு துணியில் போய் மோதிற்று. கூத்தபிரானுக்கு இத்தனை நாளும் நெஞ்சில் கிடந்த பாறை அதனோடு சேர்ந்து உருண்டு போயிற்று.

"இந்தச் சிரிப்பு எனக்கு எவ்வளவு நாளாக வேண்டியிருந்தது தெரியுமா?" என்றான் அரசன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எனக்கும் தொண்டை வலிதான், ஐயா! நீங்கள் ஆகா என்பதனால் நான் பாடினேன். நான் பாடுவதனால் நீங்கள் ஆகா என்றீர்கள். நிறுத்தினால் உங்கள் மனம் வருந்துமே என்று பயந்து, பால் குடித்துக் குடித்துப் பாடிக்கொண்டிருந்தேன்! இன்றோடு விட்டது. நாளை முதல் மாலை நேரம் என்னுடையது, உங்களுடையதும்."

அவையில் எழுந்த பெருமூச்சில், மிஞ்சியிருந்த ஒரு திரியும் அணைந்துபோயிற்று.

"எழுந்திரும், மாதவராயரே. தலை போகாது. நாளை மாலை நீர் பாட வேண்டும். நாங்கள் ஆகா என்போம். வெங்காயம் அரண்மனைச் செலவு." பிறகு அரசன் விகடன் பக்கம் திரும்பினான். "எல்லாரும் சொன்னார்கள். நீ இன்னும் சொல்லவில்லை, கூத்தபிரானே. என் பாட்டு எப்படி?"

கூத்தபிரான் பணிவோடு மண்டபத்துக்குள் போனான். அரசனை மெல்ல அவைப்பக்கம் அழைத்து வந்து நிறுத்திவிட்டு, தான் மட்டும் சல்லாவுக்குப் பின்னால் திரும்பிப் போய், குடத்தை விளக்கின்மேல் கவிழ்த்தான். இருட்டிலிருந்து ஒரு குரல் வந்தது:

"காது கொடுத்துக் கேட்க முடியாது."

"யார் அதைச் சொன்னது?" என்று அரசன் அதட்டினான்.

"தெரியவில்லையே, அரசே. இந்தப் பக்கம் ஒருவரும் கண்ணில் படவில்லை" என்றது குரல்.

அரசன் மறுபடியும் சிரித்தான். தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி, வெளியே வந்த விகடன் கழுத்தில் போட்டு, "இன்னும் என்ன வேண்டும், கேள்" என்றான்.

"எந்தக் கட்டளை பிறந்தாலும், என்மேல் எவ்வளவு கோபம் வந்தாலும், செண்பகவடிவை அவளுடைய தறிக்குழியிலிருந்து எழுப்பக் கூடாது. அந்த வரம் வேண்டும்."

"தந்தேன். அதோடு, அரண்மனைச் சன்னல் அனைத்துக்கும் அவள் கையால் சல்லா வேண்டும்."

கூத்தபிரான் விரைவாக வீடு திரும்பினான். தெருவில் அமாவாசை இருட்டு. தெருப்பக்கத்து அறைக்குள் அகல் எரிந்தது. பகலில் அவளை மறைத்து அவனை அவளுக்குக் காட்டிய சன்னல், இப்போது அவளை அவனுக்குக் காட்டிற்று. அவன் பார்ப்பது அவளுக்குத் தெரியாது. சட்டிபானைகள் பழம்புடவையில் மூட்டையாகக் கட்டப்பட்டிருந்தன. செண்பகவடிவு தறிக்குழிக்குள் காலை வைத்து, நெய்யாமல், மிதிக்காமல், அந்தக் குழியின் ஓரத்தைக் கையால் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த ஒருநாளுக்குப் பின் தன் பயத்தைப் பற்றி அவனிடம் ஒரு சொல்லும் சொல்லாதவள்.

அவன் தொண்டையைக் கனைத்தான். அவள் நிமிர்ந்தாள், வெளியே இருட்டுத்தான் தெரிந்தது.

"யார் அது?"

"மூட்டையை அவிழ்த்துவிடு, செண்பகவடிவே. சோற்றுப்பானை அதற்குள் இருக்கிறதே, எனக்குப் பசிக்கிறது."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தலைப்பாகை அவிழ்ந்திருக்கும். கட்டிக்கொண்டு உள்ளே வாரும்" என்றாள்.

அவன் தலையைத் தொட்டுப் பார்த்தான். அவிழ்ந்துதான் இருந்தது. அரசன் பாட்டை விட்டான். அவையோர் மெழுகை விட்டார்கள். குதிரைகள் லாயத்தில் நிம்மதியாகத் தூங்கின. நாமும் அவற்றை அப்படியே தூங்கவிடுவோம்.